மலையில் பிரசவமா? எட்டாம் மாதத்துக்குள் எழுதி முடிக்க வேண்டிய பிரசவத் திட்டம்

நீலகிரியில் முதல் பிரசவத்துக்குத் தயாராகும் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். எனக்குக் குழந்தை பிறந்தது கோத்தகிரியில், ஐப்பசி மழை நேரத்தில். எந்தத் தாளை எங்கே கேட்பார்கள், ராத்திரி வலி எடுத்தால் எந்த வண்டி, பிரசவ அறைக்குள் யார் வரலாம் என்று ஒவ்வொன்றுக்கும் நானும் வீட்டுக்காரரும் ஆள் ஆளாகக் கேட்டு அலைந்தோம். ஒரே இடத்தில் யாராவது எழுதி வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பிரசவத் திட்டம் என்று தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் பெருநகரத்து ஆட்களுக்கானவை. பிரசவ அறையில் என்ன வேண்டும் என்பதிலிருந்து அவை தொடங்கும். நமக்கு அந்த அறைக்குப் போய்ச் சேருவதுதான் முதல் வேலை. அதனால் வழி, மருத்துவமனை, ஆவணம் இவற்றை முடித்துவிட்டு அப்புறம் விருப்பங்களுக்கு வருகிறேன்.

1. பிக்மி எண்: 12 வாரத்துக்குள்

கர்ப்பம் உறுதியானதும் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துக் கர்ப்பத்தைப் பதிவு செய்யுங்கள். மலைக் கிராமங்களில் ஆஷா பணியாளர் இருந்தால் அவரே கூட்டிப்போவார். ஆதார், குடும்ப அட்டை, உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம், கடைசியாகத் தூரமான தேதி, கைப்பேசி எண் இவை போதும். பதிவானதும் 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். பிக்மி எண் என்றும் ஆர்.சி.எச். எண் என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். 102-க்குக் கூப்பிட்டும் பதிவு குறித்துக் கேட்கலாம்.

தனியார் மருத்துவமனையில்தானே பார்க்கிறோம் என்று இதை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்பார்கள். குழந்தை பிறந்த பிறகு எண்ணுக்காக ஓடுவது பெரும் பாடு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இதுதான் வாசல். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் தவணைகளாகக் கணக்கில் வரும், மீதி 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு, 19 வயது நிறைந்த பெண்ணுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். ஆதாரில் அப்பா இனிஷியல், வங்கியில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே ஒன்றாக்கிவிடுங்கள். கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவீர்கள் என்றால் எண் மாறாது. ஆனால் இரண்டு ஊர் நர்ஸம்மாவுக்கும் தகவல் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் நீங்கள் செக்கப்புக்கு வரவில்லை என்று எழுதுவார், இன்னொருவருக்கு நீங்கள் வந்ததே தெரியாது. கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: சுல்தான் பத்தேரியிலோ கோழிக்கோட்டிலோ பிரசவம் என்றால் பிறப்புப் பதிவு கேரளத்தில்தான் நடக்கும். பிறந்த இடம் எதுவோ அங்கேதான் பதிவு.

2. எந்த மருத்துவமனை: ஆறாம் மாதத்தில் முடிவு

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூரில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. ஊட்டியில் 2025-இல் திறந்த 700 படுக்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இவை போகத் தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளும் உண்டு. கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செக்கப்புக்குப் போகும்போது இந்த நான்கையும் நேரடியாகக் கேளுங்கள்:

ராத்திரி 2 மணிக்கு சிசேரியன் தேவைப்பட்டால் மகப்பேறு டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் இருப்பார்களா, அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வருவார்கள்? என் ரத்த வகை இங்கேயே கிடைக்குமா, வெளியிலிருந்து வர வேண்டுமா? குழந்தை எடை குறைவாகவோ மூச்சுத் திணறலோடோ பிறந்தால் இங்கே வைத்துப் பார்ப்பார்களா? இங்கே முடியாது என்றால் எங்கே அனுப்புவீர்கள்?

கேட்கத் தயங்க வேண்டாம். நான் கேட்டபோது அந்த டாக்டரம்மா கோபப்படவில்லை. பொறுமையாகச் சொல்லி, "இதை வீட்டில் எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும்" என்றும் சொன்னார்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு சிசேரியன், இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பது, கடும் ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் எல்லா வசதியும் உள்ள இடத்தை முதலிலேயே தேர்ந்தெடுங்கள். ஊட்டியா கோவையா என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். கோவை என்றால் தேதிக்கு முன்பே இறங்கி, அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். வலியோடு மலையிறங்குவதைத் திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடாமல் சொல்லுங்கள், ஊசி வழியாக ஏற்றுவார்கள். பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்கும் சக்தி இதில்தான் இருக்கிறது. அதோடு, உங்கள் ரத்த வகையில் இரண்டு பேரைப் பேசி வையுங்கள்.

3. வழியும் வண்டியும்

ஒரு தாளில் உங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை வரை இரண்டு வழிகளை எழுதுங்கள். ஒன்று வழக்கமாகப் போகிற வழி. இன்னொன்று, மரம் விழுந்தோ மண் சரிந்தோ அது அடைபட்டால் போகிற வழி. இரண்டாவது வழியே இல்லாத ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் இருந்தால் தேதிக்கு முன்பே இடம் மாறுவது ஒன்றுதான் வழி.

உங்கள் தேதி எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். ஆனி முதல் ஆவணி வரை என்றால் தென்மேற்கு மழை. கூடலூர், பந்தலூர், நடுவட்டம், எமரால்டு, அவலாஞ்சி பக்கம் கவனம். ஐப்பசி, கார்த்திகை என்றால் வடகிழக்கு மழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் மண்சரிவு அப்போதுதான் அதிகம். ஏப்ரல், மே என்றால் சீசன் நெரிசல். மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியும் திருப்பிவிடுவார்கள், பக்கத்து ஊருக்குப் போகவே நேரமாகும். பலாப்பழ காலத்தில் குஞ்சப்பனை பக்கம் யானைகள் சாலைக்கு வரும். பந்தலூர், சேரம்பாடி பக்கத்துக்கு மாதமே கிடையாது, எப்போதும் யானைதான். ராத்திரி அந்த வழியில் போகிறவர்கள் பழகிய ஓட்டுநரோடு மட்டும் போங்கள்.

பிரசவத்துக்கு உதவியாகக் கீழேயிருந்து அம்மாவோ அத்தையோ சொந்த வண்டியில் வருகிறார்கள் என்றால், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வருவதற்கான இ-பாஸ் (இணைய அனுமதி) எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நம் மாவட்டத்து டி.என்.43 வண்டிகளுக்குத் தேவையில்லை. அரசுப் பேருந்தில் வந்தாலும் தேவையில்லை.

108-ஐக் கட்டாயம் திட்டத்தில் வையுங்கள், கட்டணம் கிடையாது. ஆனால் 108 எங்கிருந்து புறப்பட்டு உங்கள் ஊருக்கு வரும், எவ்வளவு நேரமாகும் என்று நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் ஹட்டிகளுக்கும் முகவரி சொல்வது கஷ்டம். ராத்திரி பதற்றத்தில் அது வாயில் வராது. "இந்த டிவிஷன், இந்த ஃபேக்டரி தாண்டி இடதுபுறம், மாரியம்மன் கோயில் எதிர் இறக்கம்" என்று சொல்ல வேண்டியதை எழுதி கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். யார் போனை எடுத்தாலும் அதைப் பார்த்துப் படித்தால் போதும். வீட்டில் எந்த சிம்முக்கு எந்த மூலையில் சிக்னல் கிடைக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

108 தாமதமானால் வரக்கூடிய இரண்டு வண்டிக்காரர்களிடம் முன்பே பேசுங்கள். ஒருவர் மட்டும் என்றால் அன்றைக்குப் பார்த்து அவர் கோவையில் சவாரியில் இருப்பார். கூலி எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை படிக்கட்டா, தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையா? காட்டெருமை படுத்திருக்கும் பாதையில் ராத்திரி டார்ச் இல்லாமல் நடக்க முடியாது. நாற்காலியில் வைத்துத் தூக்க நான்கு ஆள் யார் என்பதுவரை யோசித்து வையுங்கள்.

வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால் கிளம்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். மருத்துவமனைக்கு ஒரு மணி நேரப் பயணம் என்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம். வலி ஒழுங்காக வர ஆரம்பித்ததுமே கிளம்புங்கள். உங்கள் தூரத்துக்கு எது சரி என்று டாக்டரிடமே கேட்டு அந்தக் கணக்கைத் தாளில் எழுதுங்கள். இரண்டாவது பிரசவம் முதலாவதைவிட வேகமாக நடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் 38-ஆம் வாரத்திலேயே கோத்தகிரி பஜாருக்குப் பக்கத்தில் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன். தங்க இடம் இல்லாதவர்களுக்கு மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. தேதிக்குச் சில நாள் முன்பே சேர்ந்து துணையோடு தங்கலாம். உங்களுக்கு அருகில் எங்கே என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.

4. ஒரு பக்கத் திட்டம்: எழுதுவது எப்படி

இப்போதுதான் விருப்பங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். பிரசவ அறை நர்ஸுக்கு நான்கு பக்கம் படிக்க நேரமிருக்காது. பெரிய எழுத்தில், தமிழில், மேலே உடல்நிலை விவரம், கீழே விருப்பம். என்னுடையது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"பெயர், வயது, பிக்மி எண். ரத்த வகை. எதிர்பார்க்கும் தேதி. ஒவ்வாமை: இல்லை. எடுக்கும் மருந்து: தைராய்டு மாத்திரை. துணைக்கு: என் சித்தி. அழைக்க வேண்டிய எண்கள்: மூன்று.

எல்லாம் சரியாகப் போகும்வரை எனக்கு இவை வேண்டும்: வலி நேரத்தில் நடக்க அனுமதி. இடையில் தண்ணீர், கஞ்சி. கூடவே சித்தி. தையல் போடும்படி வெட்டு தேவை என்றால் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குழந்தை பிறந்ததும் என் மார்மேல் போடுங்கள். தொப்புள்கொடியை அவசரம் இல்லாவிட்டால் ஒரு நிமிடம் கழித்து வெட்டுங்கள். முதல் மணி நேரத்தில் தாய்ப்பால். சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம்.

சிசேரியன் தேவைப்பட்டால் காரணத்தை எனக்கும் என் கணவருக்கும் சொல்லுங்கள். சம்மதம். எனக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் மேலே சொன்னதை விட்டுவிட்டு டாக்டர் முடிவுப்படி செய்யுங்கள்."

கடைசி வரி முக்கியம். அது இருந்தால்தான் தாளை வாங்குபவர்கள் இதை நம்பிக்கையோடு படிப்பார்கள். நர்ஸ் அக்கா என் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்து, கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்திவைத்தார். அப்புறம் நடக்கட்டுமா என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

சிலவற்றை விளக்கிச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பெண் துணை ஒருவரை உள்ளே அனுமதிப்பார்கள். பிள்ளை பெற்ற அனுபவமுள்ள, பயப்படாத ஆளாகப் பாருங்கள். அவருக்குச் சளி காய்ச்சல் இருந்தால் மாற்று ஆள் வேண்டும், இரண்டு பெயர் எழுதுங்கள். கணவர் உள்ளே வருவது தனித்தனி அறை உள்ள இடங்களில்தான் பெரும்பாலும் நடக்கும், முன்பே கேளுங்கள். முதுகில் ஊசி போட்டு வலி தெரியாமல் செய்வது எல்லா இடத்திலும் கிடைக்காது. அதை நம்பியிருப்பவர்கள் ஏழாம் மாதத்திலேயே விசாரியுங்கள்.

பிரசவம் முடிந்த உடனே, அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடும் காப்பர்-டி போடுவது பற்றிக் கேட்பார்கள். அது நல்ல முறைதான், வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. வலியில் கிடக்கும்போது யோசிக்க முடியாது என்பதால் வேண்டுமா வேண்டாமா என்பதைத் திட்டத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

எழுதியதை 34-இலிருந்து 36 வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். முடியாது என்று அவர் சொல்வதை அப்போதே அடித்துவிடலாம். துணைக்கு வருபவரும் மாமியாரும் அம்மாவும் படிக்க வேண்டும். முக்கியமாக அந்தத் தேன், சர்க்கரைத் தண்ணீர் விஷயம். சேனை வைக்க வேண்டும் என்று ஆசையோடு காத்திருக்கும் பெரியவர்களிடம் பிரசவ வார்டு வாசலில் நின்று வாதாட முடியாது. டாக்டர் வாயாலேயே முன்கூட்டிச் சொல்லவைத்தால் மனக்கசப்பு வராது.

5. கோப்பும் பையும்

கோப்பில்: தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், இருவர் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், கணக்குப் புத்தக நகல், காப்பீட்டு அட்டை, பிரசவத் திட்டம் இரண்டு பிரதி. மழைக்காலம் என்பதால் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள்.

பையில் வழக்கமானவற்றோடு, மலைக்கென்று சில: குழந்தைக்குக் கம்பளித் தொப்பி, காலுறை, மெல்லிய பருத்தித் துணிகள் நிறைய (மழையில் எதுவும் காயாது), உங்களுக்கு ஸ்வெட்டர், வெந்நீர் ஃபிளாஸ்க், டார்ச். 36-ஆம் வாரத்தில் பை தயாராக இருக்கட்டும்.

6. செலவு

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமும் சிசேரியனும் இலவசம். மருந்து, பரிசோதனை, ரத்தம், தங்கும் நாட்களுக்குச் சாப்பாடு, வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால் வண்டி, எல்லாம் இதில் அடங்கும். வீடு திரும்ப 102 தாய் சேய் ஊர்தியும் இலவசம். டிஸ்சார்ஜ் அன்று காலையிலேயே சொல்லி வையுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஜனனி சுரக்‌ஷா திட்டத்தில் கிராமப்புறத்தில் 700 ரூபாய், நகர்ப்புறத்தில் 600 ரூபாய் உண்டு.

குழந்தையைக் காட்டுவதற்கும் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கும் யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 104-இல் புகார் சொல்லலாம்.

தனியார் என்றால் "மொத்தம் எவ்வளவு" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அறை வாடகை, தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் விளக்குச் சிகிச்சைக்கு ஒரு நாளுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். சுகப்பிரசவத் தொகையை மட்டும் சொல்லி அனுப்பி, கடைசியில் சிசேரியன் பில் வந்து திணறிய குடும்பத்தை எனக்குத் தெரியும். சிசேரியன் தொகையையே கணக்காக வைத்துச் சேமியுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும், கரண்ட் இல்லாத நாளில் ஏ.டி.எம். வேலை செய்யாது.

எஸ்டேட்டிலோ வேறு நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர்கள்: முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உங்கள் உரிமை. அதில் 8 வாரம்வரை தேதிக்கு முன்பே எடுக்கலாம். வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் கொடுத்து, நகலில் ஆபீஸ் முத்திரையோடு தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

7. உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

பனிக்குடம் உடைந்தால், வலி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் அவசரம். ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, விடாத தலைவலி, கண் மங்குவது, முகம் கை வீக்கம், வலிப்பு, காய்ச்சல் இவற்றுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 37 வாரம் முடியும் முன் வலி வந்தாலும் அப்படியே. பொய் வலியாக இருந்து திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை.

8. பிறந்த பிறகு

டிஸ்சார்ஜுக்கு முன் குழந்தைக்கு பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி, வைட்டமின் கே ஊசி இவை அட்டையில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ், குழந்தைக்குப் பாசிட்டிவ் என்றால் உங்களுக்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். இதைத் திட்டத்தின் முதல் வரியிலேயே சிவப்பு மையில் எழுதுங்கள்.

முதல் 24 மணி நேரம் குழந்தையைக் குளிப்பாட்டக் கூடாது. நம் குளிரில் அப்புறமும் அவசரம் வேண்டாம். எடை குறைந்த குழந்தையை மார்போடு சேர்த்து வைப்பதுதான் சிறந்த கதகதப்பு, அப்பாவும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒன்றை மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிள்ளை பெற்றவரும் குழந்தையும் இருக்கும் அறையில் குளிருக்காகக் கரியடுப்பு வைத்துக் கதவு ஜன்னலை மூடாதீர்கள். அந்தப் புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். நம் மலையில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கூடுதல் கம்பளி, வெந்நீர்ப் பை (குழந்தையின் உடம்பில் படாமல்), இவை போதும்.

கடைசியாகச் சான்றிதழ். டிஸ்சார்ஜ் தாளில் அப்பா, அம்மா பெயர், எழுத்து, இனிஷியல் எல்லாம் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று வார்டை விட்டு வெளியே வரும் முன் படியுங்கள். எங்களுக்கு என் வீட்டுக்காரர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அங்கேயே சொன்னதால் உடனே திருத்திக் கொடுத்தார்கள். பதிவேட்டில் ஏறிய பிறகு என்றால் மனு, அலைச்சல், காத்திருப்பு. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதன்பின் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஓராண்டு தாண்டினால் இன்னும் சிக்கல். மருத்துவமனைப் பிரசவம் என்றால் தகவல் அனுப்புவது அவர்கள் பொறுப்பு. ஆனாலும் போய்விட்டதா என்று இரண்டாம் வாரத்தில் கேளுங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்காமலே பதியலாம், 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டலை வீட்டில் தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்துவிட்டுப் போங்கள். பெயர் ஏறியதும் சான்றிதழை இணையத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.